பிராட்ஹெட் மாட்டுனா அம்பு வலப்பக்கம் போகுது, வில் சீசனுக்கு 6 வாரம்தான் இருக்கு

பனிப்பாதை:

எல்லாருக்கும் வணக்கம். வில் வேட்டைல எனக்கு இது ரெண்டாவது வருஷம். போன சீசன் முழுக்க உக்காந்தும் அம்பு விடற மாதிரி ஒரு மான்கூட பக்கத்துல வரல, அதனால இந்த வருஷமாவது முழுசா தயாராகி போகணும்னு கோடை ஆரம்பத்துலேர்ந்தே தெனமும் சாயங்காலம் எய்து பழகிட்டு வர்றேன். ஃபீல்ட் பாயிண்ட்ல (பழகறதுக்கு மாட்டற பிளேடு இல்லாத முனை) 30 யார்டுல அஞ்சு அம்பும் உள்ளங்கை அகலத்துக்குள்ள விழுது, 40லயும் பரவால்ல.

சரி கைக்கு வந்துருச்சுன்னு நெனச்சு போன வாரம் பிராட்ஹெட் (வேட்டைக்கு மாட்டற பிளேடு வெச்ச முனை) மாட்டி எய்து பாத்தேன், 30 யார்டுல எல்லா அம்பும் 5 இன்ச் வலது பக்கம் தள்ளி, ஒரு 2 இன்ச் கீழயும் குத்துது. ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாமே, அதுவும் ஒரே இடத்துல குரூப்பா. அன்னைக்கு கை சோர்ந்திருக்கும்னு விட்டுட்டு மறுநாள் காலைல புதுசா எய்தேன், அதே இடம்தான்.

என்கிட்ட இருக்கறது 70 பவுண்டு இழுவை எடை வரைக்கும் போற காம்பவுண்ட் (கப்பி வெச்ச வில்), ட்ரா லெங்த் (நாணை இழுக்கற நீளம்) 28 இன்ச், வலது கைக்காரன். கார்பன் அம்பு 400 ஸ்பைன் (அம்போட விறைப்பை சொல்ற நம்பர்), முனை 100 கிரெயின் (பிராட்ஹெட்டும் 100தான், மூணு பிளேடு ஃபிக்ஸட், அதாவது மடங்காதது), அம்போட மொத்த எடை 390 கிரெயின். ரிலீஸ் (நாணை இழுத்து விடற கொக்கி) மணிக்கட்டுல கட்டறது. வெள்ளைவால் மானுக்குத்தான் போறேன், மரத்துமேல ஸ்டாண்ட் போட்டு.

பேசாம சைட்டை (வில்லுல குறி பாக்கற கருவி) பிராட்ஹெட்டுக்கு ஏத்த மாதிரி நகத்தி வெச்சுக்கலாமா, எப்படியும் காட்டுல எய்யப்போறது அதைத்தானே? இல்ல மெக்கானிக்கலுக்கு (பட்டதும் பிளேடு தெறக்கற முனை) மாறிடவா? அப்படியே இந்த 6 வாரத்துல வேற என்ன பாக்கணும்னும் சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

கருங்காலி:

தம்பி, மொதல்ல சைட் மேலேர்ந்து கையை எடுங்க.

ஃபீல்ட் பாயிண்ட் வழவழன்னு இருக்கற முனை. அம்பு வில்லை விட்டு கோணலா கெளம்புனாலும் பின்னாடி இருக்கற இறகு அதை கொஞ்ச தூரத்துலயே நிமித்தி இழுத்துட்டு போயிடும், தப்பு நடந்ததே வெளிய தெரியாது. பிராட்ஹெட்டுல முன்னாடியே பிளேடு இருக்கு, காத்துக்கு அதுவும் ஒரு இறகுதான், அம்பு கோணலா கெளம்புச்சுன்னா முன்னாடி பிளேடு அந்த கோணத்துலயே இழுக்கும், பின்னாடி இறகு நிமித்தப் பாக்கும், கடைசில அம்பு தள்ளிப்போய் விழும். அதாவது உங்க வில்லு கோடை முழுக்க அம்பை கோணலாத்தான் விட்டுட்டு இருந்திருக்கு, இப்பதான் அது உங்க கண்ணுக்கு தெரியுது. சைட்டை நகத்துனா இந்த தப்பை அப்படியே வெச்சுக்கிட்டு குறியை மட்டும் மாத்துன மாதிரி ஆயிடும், 20ல ஒரு தள்ளல், 30ல ஒரு தள்ளல், காத்து அடிச்சா இன்னொரு தள்ளல். அதைவிட முக்கியம், கோணலா போற அம்பு மான் மேல பட்டாலும் நேரா உள்ள எறங்காது, அதோட சக்தில ஒரு பங்கு பக்கவாட்டுல ஆடியே வீணாப்போகும்.

உங்க விஷயத்துல நல்லது ஒண்ணு இருக்கு, எல்லாம் ஒரே இடத்துல விழுது. செதறி விழுந்தாத்தான் தலைவலி, அப்ப தப்பு கைலயா அம்புலயான்னு தேடணும். குரூப்பா தள்ளி விழுதுன்னா வில்லை ட்யூன் பண்ணி சரிபண்ணிடலாம்.

எல்லா அம்பையும் ஒவ்வொண்ணா உருட்டிப் பாருங்க, பிராட்ஹெட் மாட்டுன அம்பை மேசை விளிம்புல வெச்சு சுத்துனா முனை ஆடாம ஒரே புள்ளியா நிக்கணும். ஆடுனா அந்த அம்பை ஓரமா வைங்க. அப்புறம் வில்லுல கேம் (நாண் சுத்தற கப்பி) ரெண்டும் ஒரே நேரத்துல சுத்தி நிக்குதான்னு பாருங்க, புது நாண் மாட்டியிருந்தா அது கொஞ்சம் நீண்டு டைமிங் மாறியிருக்கும். அப்புறம் உங்க எடது கை. வில்லை இறுக்கிப் பிடிச்சா விடற நேரத்துல வில்லு லேசா திரும்பும், ஃபீல்ட் பாயிண்ட்ல அது தெரியவே தெரியாது, பிராட்ஹெட்ல பளிச்சுனு தெரியும். கட்டைவிரல் பக்கத்து மேட்டுல மட்டும் வில்லு உக்காரணும், விரல் எல்லாம் தளர்வா இருக்கணும்.

இதெல்லாம் சரியா இருந்தா கடைசியா ரெஸ்ட், அதாவது வில்லுல அம்பு உக்கார்ற தாங்கி. பிராட்ஹெட் குரூப்பை ஃபீல்ட் பாயிண்ட் குரூப் இருக்கற பக்கம் தள்ளணும், அதுதான் விதி. உங்களுக்கு வலது பக்கம் விழுது, அப்ப ரெஸ்ட்டை இடது பக்கம். கீழ விழுது, அப்ப ரெஸ்ட்டை மேல. ஒரு தடவைக்கு 1/32 இன்ச், அவ்வளவுதான், கண்ணுக்கு நகந்த மாதிரியே தெரியாது ஆனா 30 யார்டுல நல்லா தெரியும். நகத்தறதுக்கு முன்னாடி இப்ப இருக்கற இடத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டுக்கோங்க. ரெண்டு குரூப்பும் ஒண்ணு சேந்ததுக்கு அப்புறம் சைட்டை நகத்துங்க, அதுவரைக்கும் வேணாம்.

இன்னொண்ணு கேக்கணும், இந்த கோடைல ட்ரா வெயிட்டை (இழுவை எடையை) ஏத்துனீங்களா? 400 ஸ்பைன் அம்பு 70 பவுண்டு வில்லுல என்ன பண்ணுதுன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

மேற்குச்சரிவு:

நான் மெக்கானிக்கல்தான் யூஸ் பண்றேன், வருஷக்கணக்கா. ஃபீல்ட் பாயிண்ட் விழற இடத்துலயே விழும், வெட்டும் அகலம், ரத்தத்தடம் நல்லா கெடைக்கும். 6 வாரம்தான் இருக்குன்னா ரெஸ்ட்டை நோண்டி குழப்பிக்கறதைவிட இது சுலபம் ப்ரோ. 70 பவுண்டு வில்லுக்கு அது தெறக்கறதுக்கு வேண்டிய சக்தி தாராளமா இருக்கு.

கருங்காலி:

மேற்குச்சரிவு சொல்றதுல தப்பு இல்ல, மெக்கானிக்கல் நல்ல முனைதான், நானும் சில வருஷம் வெச்சிருந்தேன். ஆனா ட்யூன் ஆன வில்லுலேர்ந்து விட்டாத்தான் அது நல்ல முனை. பிளேடு மூடியிருக்கறதால கோணல் தெரியாது, கோணல் இல்லாம போயிடாது. தெறக்கறதுக்கு அம்போட சக்தில கொஞ்சம் அதுக்கு போயிடும், அம்பு கோணலா வந்து ஒரு பக்க பிளேடு மொதல்ல பட்டுச்சுன்னா முனை வழுக்கறதுக்கும் வாய்ப்பு இருக்கு.

என் மொத வருஷம் நடந்ததை சொல்றேன். எனக்கும் இதே பிரச்சினை, யாரையும் கேக்கல, சைட்டை நகத்திட்டு போயிட்டேன். 20 யார்டுக்கு சரி பண்ணி வெச்சிருந்தேன், மான் வந்து நின்னது 32ல. நெஞ்சுக்கூட்டுக்கு குறி வெச்சேன், அம்பு பின்னாடி வயித்துல பட்டுச்சு. அதுக்கு மேல நான் பண்ண தப்பு, முக்கால் மணி நேரத்துலயே எறங்கி தேட ஆரம்பிச்சேன், படுத்திருந்த மான் எழுந்து போயிடுச்சு, ராத்திரி மழை, தடம் போச்சு. மூணு நாள் தேடுனேன், கெடைக்கல. அந்த மான் எங்கயோ கெடந்து எத்தனை மணி நேரம் பாடுபட்டு செத்துதோன்னு இன்னைக்கும் தோணும். அதனாலதான் இந்த விஷயத்துல நான் விடாம பேசறேன், கோவிச்சுக்காதீங்க.

பனிப்பாதை:

அண்ணே ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. நீங்க கேட்டது சரியா போச்சு. போன வருஷம் 60 பவுண்டுல இருந்துச்சு, இந்த கோடைல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி இப்ப 68ல இருக்கு. அம்பு போன வருஷம் வாங்குன அதே அம்புதான், மாத்தல. வேகம் கூடுனா நல்லதுதானேன்னு ஏத்துனேன். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கா?

கருங்காலி:

இருக்கு, நெறையவே இருக்கு. வில்லு தள்ளும்போது அம்பு நெளிஞ்சு நெளிஞ்சுதான் கெளம்பும். எவ்வளவு நெளியும்ங்கறதைத்தான் ஸ்பைன் நம்பர் சொல்லுது, நம்பர் கூடுனா அம்பு தளர்வு, கொறஞ்சா விறைப்பு. 400ங்கறது 60 பவுண்டு பக்கம் பொருத்தமா இருந்திருக்கும், 68க்கு தளர்வு, அங்க 340 மாதிரி விறைப்பான அம்பு வேணும். முனை கனமானாலும் அம்பு நீளமானாலும் இதே மாதிரி தளர்வா நடந்துக்கும். ரெண்டு வழி இருக்கு, அம்பை மாத்துங்க, இல்ல இழுவை எடையை எறக்குங்க. நானா இருந்தா எறக்குவேன். மேல கீழ ரெண்டு லிம்ப் போல்ட்டையும் (வில்லோட கரத்தை பிடிச்சிருக்கற திருகு) ஒரே அளவு திருப்பணும், கால் சுத்து மேல திருப்புனா கால் சுத்து கீழயும், கம்பெனி புத்தகத்துல போட்டிருக்கற அளவுக்கு மேல கழட்டக்கூடாது. எறக்கிட்டு திரும்ப எய்து பாத்துட்டு, அதுக்கப்புறம் ரெஸ்ட்டுக்கு போங்க. பழைய குறி எல்லாம் மாறிடும், பயப்படாதீங்க.

மழைத்துளிர்:

எடை விஷயத்துல நானும் ஒண்ணு சொல்லிக்கறேன். நான் 48 பவுண்டுலதான் எய்யறேன், எட்டு சீசன் ஆச்சு, 25 யார்டுக்குள்ள கூரான ஃபிக்ஸட் பிராட்ஹெட் விலா எலும்புக்கு நடுவுல போனா மறுபக்கம் வெளிய வந்துடுது. அம்பு நேரா பறக்கறதும் பிளேடு கூரா இருக்கறதும்தான் வேலை செய்யுது, நீங்க கூடுதலா ஏத்துன எட்டு பவுண்டு இல்ல.

தம்பி, ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. நாற்காலில உக்காந்து ரெண்டு காலையும் தரைலேர்ந்து தூக்கிக்கிட்டு வில்லை இழுங்க. வில்லை வானத்தைப் பாத்து தூக்காம, குறியை நோக்கி நேரா வெச்சபடியே மெதுவா இழுக்க முடியணும். முடியலன்னா அந்த எடை உங்களுக்கு அதிகம். கோடைல பனியனோட நாலு மணிக்கு எய்யறது வேற, சீசன்ல விடியக்காலைலேர்ந்து மூணு மணி நேரம் அசையாம குளிர்ல உக்காந்து, உடம்பு விறைச்சுப்போய், கனமான ஜாக்கெட்டுக்குள்ள கையை விட்டுக்கிட்டு இழுக்கறது வேற. இழுக்க முடியாம வில்லை மேல கீழ ஆட்டுனீங்கன்னா மான் பாத்துடும், அவ்வளவுதான். இன்னைலேர்ந்தே காட்டுக்கு போட்டுட்டு போற அதே உடுப்போட பழகுங்க, ஹார்னெஸ் (மரத்துலேர்ந்து விழாம உடம்புல கட்டற பட்டை), கையுறை, முகமூடி எல்லாத்தோட. ஜாக்கெட் கை நாண்ல பட்டா அம்பு எங்க போகும்னு சொல்ல முடியாது.

இன்னொண்ணு, தெனமும் 50, 60 அம்பு விடறதை கொறைங்க. காட்டுல உங்களுக்கு கெடைக்கப்போறது ஒரே ஒரு அம்பு, அதுவும் உடம்பு சூடாகாம விடற மொத அம்பு. காலைல எழுந்ததும் ஒரு அம்பு, ஒண்ணே ஒண்ணு, எங்க விழுந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, அன்னைக்கு அவ்வளவுதான். மாசம் முடிஞ்சு அந்த நோட்டை பாத்தா உங்க நெஜமான தூரம் என்னன்னு அதுவே சொல்லும். எனக்கு அது 25னு சொல்லிச்சு, நான் மனசுல 40னு நெனச்சிட்டிருந்தேன்.

அப்புறம் மரத்துமேலேர்ந்து பழகுங்க. மேலேர்ந்து எய்யும்போது தூரக்கணக்கு மாறும்னு எல்லாரும் பயப்படறாங்க, 20 அடி உசரத்துல உக்காந்து 20 யார்டுல நிக்கற மானுக்கு நேர்கோட்டுல அளந்தா 21 யார்டுதான் வரும், ஒரு யார்டுல என்ன ஆகப்போகுது. அம்பு மேல போறதுக்கு காரணம் கையை மட்டும் கீழ எறக்கறது. நேரா நிக்கற மாதிரியே இழுத்துட்டு, இடுப்புலேர்ந்து உடம்போட வளையணும், அப்பதான் கண்ணும் பீப்பும் (நாண்ல குறி பாக்கற சின்ன ஓட்டை) நாணும் அதே இடத்துல இருக்கும். மான் ரொம்ப பக்கத்துல, மரத்தடில வந்துச்சுன்னா விடாதீங்க, செங்குத்தா எறங்கற அம்பு ஒரு நுரையீரல்ல மட்டும் பட்டு மான் ரொம்ப தூரம் போயிடும்.

ஸ்டாண்ட் போன வருஷத்துலேர்ந்து மரத்துலயே இருக்கா? இருந்தா ஸ்ட்ராப் எல்லாத்தையும் மாத்திடுங்க, பாத்து நல்லா இருக்குன்னு தோணுனாலும் மாத்திடுங்க. வெயில்ல நூல் உள்ளுக்குள்ள இத்துப்போயிருக்கும், அணில் கடிச்சிருக்கும், மரமும் பருத்திருக்கும். விழறவங்க நெறைய பேர் உக்காந்திருக்கும்போது விழறதில்ல, ஏறும்போதும் எறங்கும்போதும், ஏணிலேர்ந்து ஸ்டாண்டுக்கு காலை மாத்தற அந்த ஒரு எட்டுலயும்தான் விழறாங்க. அதனால தரைலேர்ந்து மேல வரைக்கும் லைஃப்லைன் கயிறு கட்டி, காலு தரைய விட்ட நிமிஷத்துலேர்ந்து மாட்டியே இருங்க. ஹார்னெஸ்ல தேதி போட்டிருக்கும், காலாவதி ஆயிருந்தா தூக்கிப் போடுங்க. தொங்குனா கால்ல ரத்தம் தேங்கி மயக்கம் வரும், அதுக்கு காலை ஊணிக்கற ஸ்ட்ராப் ஒண்ணு ஹார்னெஸ்லயே குடுப்பாங்க, அதை பைக்குள்ள போடாம கைக்கு எட்டற எடத்துல வெச்சுக்கோங்க. வில்லை கைல வெச்சுக்கிட்டு ஏறவே கூடாது, மேல போய் உக்காந்து மாட்டிக்கிட்டு அப்புறம் கயித்துல தூக்குங்க, அம்பு எல்லாம் குவிவர்ல (அம்பு வைக்கற கூடு) மூடியிருக்கணும்.

பனிப்பாதை:

ஒம்போது நாள் கழிச்சு வந்து சொல்றேன், எல்லாரும் சொன்னதை ஒண்ணு ஒண்ணா பண்ணேன்.

மொதல்ல அம்பு உருட்டுனதுல ரெண்டு ஆடுச்சு, ஒதுக்கிட்டேன். அக்கா சொன்ன நாற்காலி சோதனைல 68ல என்னால நேரா இழுக்கவே முடியல, வில்லு மேல போச்சு. 62க்கு எறக்குனேன், சுகமா வருது. அதுலயே 5 இன்ச் தள்ளல் 2 இன்ச் ஆயிடுச்சு, ரெஸ்ட்டை தொடாமலே! அப்புறம் ரெஸ்ட் இடது பக்கம் ரெண்டு தடவை, மேல ஒரு தடவை, ஒவ்வொண்ணும் 1/32. இப்ப 30 யார்டுல மூணு ஃபீல்ட் பாயிண்ட், மூணு பிராட்ஹெட் மாத்தி மாத்தி விட்டேன், ஆறும் ஒரு கைமுட்டி அளவுக்குள்ள. (ஒரே புள்ளில எய்து ஒரு அம்போட இறகை வெட்டிக்கிட்டேன், இனிமே ஒவ்வொண்ணுக்கும் தனி புள்ளி.) சைட்டை கடைசியாத்தான் நகத்துனேன்.

அம்போட வேகம் நொடிக்கு 280 அடிலேர்ந்து 270க்கு வந்துடுச்சு, அது ஒண்ணுதான் மனசுல உறுத்துது. மான் சத்தம் கேட்டு குனிஞ்சிடும்னு சொல்றாங்களே, அதுக்கு வேகம் கூட இருந்தா நல்லதில்லையா? எத்தனை யார்டு வரைக்கும் நான் விடலாம்?

கருங்காலி:

ரொம்ப சந்தோஷம் தம்பி, அழகா பண்ணியிருக்கீங்க.

கணக்கு போட்டுப் பாப்போம். சத்தம் நொடிக்கு சுமார் 1100 அடி போகும். உங்க அம்பு 270. 30 யார்டுன்னா 90 அடி, அம்பு போய்ச்சேர 0.33 நொடி, நாண் சத்தம் போய்ச்சேர 0.08 நொடி. மான் காதுல சத்தம் விழுந்ததுக்கு அப்புறமும் அம்பு கால் நொடி வந்துக்கிட்டே இருக்கு. மான் ஓடறதுக்கு முன்னாடி காலை மடக்கி உடம்பை கீழ எறக்கும், அப்பதான் தாவ முடியும், மிரண்டிருக்கற மானுக்கு அதுக்கு இந்த நேரம் போதும். இதே 280ல போட்டா என்ன வித்தியாசம் வருது, நொடில நூத்துல ஒரு பங்கு. 300ஆ ஏத்துனாலும் சத்தத்தை முந்த முடியாது. தூரத்தை கொறைங்க, 20 யார்டுல அந்த நேரம் 0.17 நொடியா சுருங்கிடும். அதோட மான் தலையை தூக்கி காதை விறைச்சு உங்க பக்கம் பாத்துக்கிட்டு இருக்கும்போது விடவே விடாதீங்க, குனிஞ்சு மேயும்போது விடுங்க. நெஞ்சுக்கூட்டுல கீழ் மூணுல ஒரு பங்குல குறி வெச்சா, அது அசையலன்னா இதயம், எறங்குனா நுரையீரல்.

உங்களுக்கு இந்த வருஷம் 25 வரைக்கும்னு வெச்சுக்கோங்க. பக்கவாட்டுல நிக்கணும், இல்ல லேசா உங்களை விட்டு திரும்பி நிக்கணும். உங்களைப் பாத்து நேரா நின்னா காத்திருங்க.

காத்து பத்தி யாரும் சொல்லல. காலைல வெயில் பட்டு தரை சூடானதும் காத்து சரிவுல மேல ஏறும், சாயங்காலம் குளுந்து கீழ எறங்கும். காலைல உக்கார்ற இடமும் சாயங்காலம் உக்கார்ற இடமும் அதனாலயே வேற வேற. மான் வர்ற வழி பக்கம் உங்க காத்து போகுதுன்னா அன்னைக்கு அந்த ஸ்டாண்டுக்கு போகாதீங்க, வாசனை மறைக்கற ஸ்ப்ரேயை நம்பி போய் ஒரு நல்ல எடத்தை கெடுத்துக்காதீங்க.

மேற்குச்சரிவு:

ட்யூன் பத்தி கருங்காலி சொன்னதுக்கு அப்புறம் நானும் என் வில்லுல ஃபிக்ஸட் மாட்டி பாத்தேன், 4 இன்ச் இடது பக்கம். இத்தனை வருஷம் தெரியாமலே இருந்திருக்கேன். ரெஸ்ட் நகத்திட்டு இருக்கேன் இப்ப, எனக்கு இடதுன்னா வலது பக்கம் நகத்தணும், சரிதானே?

கருங்காலி:

சரிதான். கேம் டைமிங்கை மொதல்ல பாத்துடுங்க.

மழைத்துளிர்:

விதிப்புத்தகத்தை இந்த வருஷத்துது புதுசா எறக்கி படிங்க, போன வருஷத்துதை நம்பாதீங்க. மானுக்கு வர்ற நலிவு நோய், க்ரானிக் வேஸ்டிங், அது பரவ பரவ நோய்ப்பகுதியோட எல்லைக்கோடு மாறிக்கிட்டே இருக்கு. 1967ல கொலராடோல அடைப்புல வளத்த மான்கள்ல மொதல்ல கவனிச்சாங்க, இப்ப அமெரிக்கால எத்தனையோ மாநிலத்துல இருக்கு. பல எடத்துல மூளையையும் தண்டுவடத்தையும் அந்த பகுதியை விட்டு வெளிய எடுத்துட்டு போக விட மாட்டாங்க. சமைச்சாலும் அழியாத ப்ரியான் (வடிவம் மாறுன புரதம்) அது, மனுஷனுக்கு வந்ததா தெரியல, ஆனா டெஸ்ட்ல பாசிட்டிவ்னா சாப்பிட வேணாம்னுதான் சொல்றாங்க. அந்த பகுதில எடுத்தா தலையை டெஸ்டுக்கு குடுத்துட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் கறியை தனியா வைங்க.

பனிப்பாதை:

கடைசியா ரெண்டு கேள்வி. பழகுன அதே பிராட்ஹெட்டை காட்டுக்கு எடுத்துட்டு போகலாமா? அம்பு பட்டதுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?

கருங்காலி:

பழகுனதுக்கு பிளேடு மாத்தணும், பழகற ஃபோம் இலக்குல ஒரு தடவை போனாலே கூர் போயிடும். பழகறதுக்கு ரெண்டு முனை தனியா வெச்சுக்கோங்க. அம்புக்கெல்லாம் நம்பர் எழுதுங்க, எந்த அம்பு எங்க விழுதுன்னு தெரியும், நல்லா போற நாலை மட்டும் சீசனுக்கு எடுத்து வைங்க. விடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கார்பன் அம்பை லேசா வளைச்சு காதுகிட்ட வெச்சு கேளுங்க, கீறல் இருந்தா சத்தம் வரும், அதை எய்தா உடைஞ்சு கைல ஏறும்.

காத்திருக்கறது, அம்பு என்ன சொல்லுதோ அதுபடி. அம்புல நுரை நுரையா இளஞ்சிவப்பு ரத்தம் இருந்தா நுரையீரல், அரை மணி நேரம் போதும். கருஞ்சிவப்பா இருந்தா ஈரல், நாலுலேர்ந்து ஆறு மணி நேரம். பச்சையா, நாத்தம் அடிச்சா வயிறு, எட்டுலேர்ந்து பன்னெண்டு மணி நேரம், சத்தம் போடாம வந்த வழியிலயே எறங்கி வீட்டுக்கு போயிடுங்க. மழை வர்ற மாதிரி இருந்தா மட்டும் இந்த கணக்கு மாறும், அப்ப தடம் பாக்கற நாய் வெச்சிருக்கறவங்களை கூப்பிடலாமான்னு உங்க மாநில விதில இப்பவே பாத்து நம்பரை வாங்கி வெச்சுக்கோங்க. மான் கடைசியா எந்த மரத்துக்கிட்ட மறைஞ்சுதோ அதை மேல உக்காந்தபடியே நல்லா மனசுல பதிய வெச்சுக்கிட்டு எறங்குங்க, எறங்குனதும் எல்லா மரமும் ஒரே மாதிரி தெரியும்.

பனிப்பாதை:

எழுதிக்கிட்டேன் அண்ணே. ஸ்ட்ராப் நாலும் வந்துடுச்சு, ஞாயித்துக்கிழமை போய் மாத்தறேன், லைஃப்லைனும் அன்னைக்கே கட்டிடறேன். நாளைலேர்ந்து காலைல ஒரே ஒரு அம்பு, நோட்டு வாங்கியாச்சு அக்கா. ஒரு மாசம் கழிச்சு அந்த பக்கத்தை இங்கயே போடறேன்.